கூறைச்சேலைப் பச்சை

அத்தியாயம் பதினான்கு

தொடர்ந்து படித்து வருகிறவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். போன வாரம் கலியாண வீட்டுக்குப் போனவர்களுக்காக நாலு வரி.

செங்கலடி ஓவியர் நல்லரத்தினம் இறந்து பதினொரு வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது அவரை "நோட்டீஸ் மாஸ்டர்" என்று கூப்பிட்ட ஊர், இப்போது "கோடுகளின் கோமகன்" என்கிறது. வந்தாறுமூலை வளாகத்தில் அவர் பெயரில் ஓர் ஆவணக் காப்பகம் நாளை திறக்கப்படுகிறது. அவர் விட்டுப்போன பதினேழு பெட்டிகளையும் ஏற்றிச் செல்ல இன்று பின்னேரம் மூன்று மணிக்கு வேன் வரும். பெட்டிகள் இருப்பது மகள் யசோதினியின் வீட்டில். அவற்றைப் பற்றிய முடிவுகளை எடுப்பது கல்லடியில் மனைவி வீட்டில் குடியிருக்கும் மகன் விஜிதரன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, அபிப்பிராயம் ஆண்பிள்ளைக்கு.

சனிக்கிழமை அரைநாள் வேலை. ஆஸ்பத்திரி மருந்துக் கூடத்தில் டொக்டர்மாரின் கிறுக்கல்களை வாசித்துக் குளிசை எண்ணிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டரைக்கு யசோதினி வீட்டுக்கு வந்தாள். கேற்றடியில் ஒரு உரப்பை, வாய் கட்டி நிமிர்த்தி வைத்திருந்தது.

உள்ளே விறாந்தையில் விஜிதரன், வெள்ளை முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்து, வியர்த்து, திருப்தியோடு இருந்தார். அவர் ஓவியர் நல்லரத்தினம் நினைவுப் பேரவையின் செயலாளர், பொருளாளர், ஊடகப் பேச்சாளர். பேரவையில் மொத்தம் மூன்று பேர். மற்ற இருவர் அவருடைய மனைவியும் மச்சானும்.

"அண்ணன், கேற்றடியில என்ன உரப்பை?"

"குப்பை. பின்னேரம் குப்பை ஏத்துற பிரதேச சபை டிரக்டர் வரும்தானே."

"என்ன குப்பை?"

"அதை ஏன் கேக்கிறாய்! அப்பாட படம் ஒவ்வொண்டிலயும் ஒரு துணித் துண்டு, கறள் பிடிச்ச குண்டூசியால குத்தி. ஒண்டில காய்ஞ்ச வெத்திலை. இன்னொண்டில சவுக்காரம் சுத்தின தாள். காலையில இருந்து நான் தனிய இருந்து எல்லாத்தையும் கழட்டித் துப்பரவாக்கினன். கொழும்பில இருந்து பிரதம விருந்தினர் வாறார். அவருக்கு இந்தக் கந்தலையா காட்டுறது?"

"பதினேழு பெட்டியிலயுமா?"

"பதினாறு. கடைசிப் பெட்டி அம்மாட அறையில. திறப்புத் தர மாட்டன் எண்டு இடுப்பில செருகிக்கொண்டு போட்டா."

அம்மா கேதீஸ்வரி காலையிலேயே சித்தாண்டிக்கு ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தாள். எழுபத்தொரு வயதில் அவளுக்குப் பொழுதுபோக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அவள் திரும்பி வந்ததும் முன்வாசலால் அல்ல. செத்த வீட்டுக்குப் போய் வந்தவள் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டாள். பின்பக்க வேலிக் கடப்பால் நேரே கிணற்றடிக்குப் போய், அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"புள்ள! உடுப்பு எடுத்தா!"

யசோதினி உடுப்போடு போனாள். கேதீஸ்வரி இடுப்பிலிருந்து திறப்பை அவிழ்த்து, மகளைத் தொடாமல், கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

"நான் குளிச்சிட்டு வாறதுக்கிடையில பெட்டியைத் திறந்து வை. கொண்ணன் கை வைக்காமப் பார்த்துக்கொள். அவன் துடைக்கத் தொடங்கினா கோட்டையும் சேர்த்துத் துடைச்சுப் போடுவான்."

பதினேழாவது பெட்டியில் இருந்தது ஒரே ஒரு மட்டை. 'திரும்பிப் பார்த்தவள்.'

அதைத் தெரியாதவர் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. முழங்கால் அளவு வாவித் தண்ணீரில் அத்தாங்கு வலையோடு நிற்கும் ஒரு பெண், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறாள். எண்பத்து நாலில் ஒரு மகளிர் சங்கத்தின் கலண்டருக்காக வரைந்தது. பிறகு தையற்கடையில், நூலகத்தில், பஸ்ஸின் முதுகில், மூன்று கவிதைத் தொகுப்புகளின் அட்டையில் என்று அவள் திரும்பாத இடமில்லை. அவள் நிற்கும் தண்ணீரின் பச்சையை ஆய்வாளர்கள் "நல்லரத்தினப் பச்சை" என்கிறார்கள். அந்தப் பச்சையில்தான் வளாகத்தில் எட்டடிச் சுவர் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. சரியான பச்சை வரும் வரை விஜிதரன் மூன்று நாள் அந்தச் சுவருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மூலப்படத்தில் பச்சை இல்லை. மருந்துக்கும் இல்லை.

அந்தக் காலத்து அச்சு வேலை அப்படி. படத்தின் கோடுகள் மட்டையில் கறுப்பு மையில் இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் மேலே ஒரு எண்ணெய்த்தாள். அதிலும் கறுப்பிலேயே தீட்டிவிட்டு, எந்தத் தாளுக்கு எந்த மை என்று ஓரத்தில் எழுதிவிடுவார்கள். அச்சகத்துக் கமெராவுக்கு வெளிர்நீலம் தெரியாது. ஆகவே குறிப்பெல்லாம் நீலப் பென்சிலில். நிறம் என்பது அச்சகத்தில் மை டின்னைத் திறக்கும்போதுதான் பிறக்கும். அதுவரை அது வெறும் சொல்.

மட்டையின் ஓரத்தில் ஒரு பச்சைத் துணித் துண்டு, விரலகலம், குண்டூசியால் குத்தியிருந்தது. ஊசி துருப்பிடித்துத் துணியில் ஒரு பொட்டு வைத்திருந்தது. துணிக்குக் கீழே அப்பாவின் நீலப் பென்சில். அந்தக் கையெழுத்தை வீட்டில் வாசிக்கக்கூடியவள் யசோதினி ஒருத்திதான். டொக்டர்மாரிடம் பெற்ற பயிற்சி.

"தண்ணி: கேதியின் கூறைச்சேலைப் பச்சை."

அதன் கீழே, கொப்பித் தாளில் கிழித்த ஒரு துண்டு. உருண்டை உருண்டையான எழுத்து. கடைச் சாமான் பட்டியலில் யசோதினி தினமும் பார்க்கிற அம்மாவின் எழுத்து.

"கபூர் நானா, இந்தத் துணியைப் பார்த்து மை கலக்கவும். அவர் பிறஸ்ஸில் வந்து நின்று வேறு நிறம் சொன்னால் கேட்க வேண்டாம். இப்படிக்கு கேதீஸ்வரி."

பின்னால் நின்று எட்டிப் பார்த்த விஜிதரன் முதலில் வாயைத் திறக்காமல் கொடுப்புக்குள் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அம்மாட கூறை சிவப்பெல்லோ?"

சிவப்புத்தான். கலியாணத்தன்று உடுத்திய அரக்குச் சிவப்பு. ஒவ்வொரு சித்திரையிலும் அலுமாரியிலிருந்து எடுத்து வெயில் காட்டி மடித்து வைப்பாள். இரண்டு பிள்ளைகளும் நாற்பது வருடமாகப் பார்த்துவரும் சேலை.

"அது ஒரு குறியீடு" என்றார் விஜிதரன். "அப்பா கவித்துவமா எழுதியிருக்கார்."

யசோதினி அந்த எழுத்தை மறுபடியும் வாசித்தாள். அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பச்சை மிளகாய் வாங்கப் போய்ப் பழுத்த மிளகாயோடு வருகிற அப்பா. சாகும் வரை சைக்கிளை விட்டு இறங்காத அப்பா. "எளிமையின் சின்னமாக மிதிவண்டியையே தேர்ந்தார்" என்று அண்ணன் நினைவு மலரில் எழுதியிருந்தார். லைசன்ஸ் எடுப்பதற்குக் கண் சோதனைக்குப் போகவேண்டும் என்பதும், அங்கே வர்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் இலக்கத்தை வாசிக்கச் சொல்வார்கள் என்பதும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்குத் தெரியும்.

அவள் ஏறாவூருக்கு ஒரு கோல் எடுத்தாள். அப்துல் கபூருக்கு எண்பத்து மூன்று வயது. அச்சகத்தை மூடிப் பத்து வருடம். மாதமொருமுறை பிறஷர் குளிசைக்கு அவளுடைய யன்னலுக்கு வருகிறவர்.

"ஆரு, யசோவா? குளிசை மாறிப் பெய்த்தா மகள்?"

"இல்ல மாமா. அப்பாட படங்களில துணித் துண்டு குத்தியிருக்கு. அது என்னத்துக்கு?"

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அத ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு உங்குட உம்மாவுக்கு வாக்குக் குடுத்திரிக்கன் மகள். அதனால நான் சொல்ல மாட்டன்" என்றார் கபூர். சொல்லிவிட்டு, சொல்லத் தொடங்கினார். "எழுபத்தெட்டாமாண்டு. ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல். ரெண்டு தென்னை மரம், பச்சையில. மாஸ்டரே மை டின்ன எடுத்துத் தந்தாரு. ஐந்நூறு தாளும் அடிச்சி முடிய, தென்னை ரெண்டும் செக்கச் செவேலெண்டு நிக்கிது! நான் மாஸ்டரப் பார்க்கன். அவரு நல்லா வந்திரிக்கு கபூர் எண்டு சிரிக்காரு. நான் என்னத்தச் சொல்ற? அதுக்குப் பொறவுதான் தங்கச்சி, உங்குட உம்மா, துணித் துண்டு அனுப்பத் துவங்கின."

"பள்ளிக்கூடத்தில ஏசல்லயா மாமா?"

"எங்க! பிறின்சிபல் புதுமையெண்டு மேடையில பாராட்டின. நான் உனக்கு ஒண்டும் சொல்லல்ல, என்ன? ரெண்டாந் திகதி குளிசைக்கு வாறன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. விஜிதரன் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். நினைவு மலரின் நாற்பத்தோராம் பக்கத்தில் அந்தத் தென்னைகளைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. தலைப்பு: 'செந்தென்னை, ஓர் எதிர்ப்புக் குரல்.' எழுதியவர் அவர்.

மலரின் பெயர் 'பச்சையின் தரிசனம்.' ஐந்நூறு பிரதிகள் கட்டுக்கட்டாக அவருடைய காரின் பின்பக்கத்தில் இருந்தன.

கேதீஸ்வரி ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். மேசையில் மட்டையையும் அதன் இரண்டு பக்கத்திலும் இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"கபூர் நானா சொல்லிற்றாரா?"

"சொல்ல மாட்டன் எண்டு சொன்னார்" என்றாள் யசோதினி.

"அப்ப எல்லாத்தையும் சொல்லியிருப்பார்." கேதீஸ்வரி உட்கார்ந்தாள். "ஓம் மனே. உங்கட அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்டுதான். மற்றதெல்லாம் தெரியும். நீலம் நல்லாத் தெரியும்."

"உங்களுக்கு எப்பயம்மா தெரியும்?"

"கலியாணத்தண்டே. கூறையை உடுத்தி வந்து மணவறையில குந்துறன். ஐயர் ஒரு பக்கம் புகை போடுறார். இவர் குனிஞ்சு காதுக்குள்ள சொல்றார், 'பச்சை உனக்கு நல்லா எடுக்குது' எண்டு. நான் சேலையைப் பார்த்தன். அரக்கு. சரி, மாப்பிள்ளை பகிடிக்காரன் எண்டு நினைச்சன். மூண்டாம் நாள் மிளகாய் வாங்கப் போய் வந்தார். அப்பதான் விளங்கிச்சு, பகிடியில்லை எண்டு."

விஜிதரன் கதிரையை அம்மா பக்கம் இழுத்தார். "ஏனம்மா எங்களுக்குச் சொல்லல்ல?"

"படம் கீறுறவனுக்குக் கண் பிழை எண்டா ஆர் வேலை தருவான்? 'வெளியில சொல்லிப்போடாத கேதி' எண்டார். சொல்லல்ல. வெளியில எண்டா உங்களையும் சேர்த்துத்தான். நீ எட்டு வயசிலயே மேடை கண்டா ஏறுற ஆள்."

"அப்ப இந்தத் துணி?" யசோதினி அந்தப் பச்சையைத் தொடாமல் காட்டினாள்.

"கூறைப் பச்சை எண்டு எழுதி வைச்சிருக்கார். கலியாணம் முடிஞ்சு எட்டு வருஷம். இப்ப போய், 'இஞ்சருங்க, அது சிவப்பு' எண்டு சொல்லோணுமா? வாவியைச் சிவப்பா அடிக்கவும் ஏலாது. அவர்ட மனசில கிடக்கிற பச்சை எதெண்டு எனக்கென்னெண்டு தெரியும்? வீட்டில இருந்த பச்சையில வடிவானது ஒண்டுதான். ஓரத்தில வெட்டினன்."

"எதில அம்மா?"

"என்ட உள்பாவாடையில."

 எட்டடிச் சுவருக்கு முன்னால் மூன்று நாள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர் கண்ணை மூடினார்.

கேதீஸ்வரி சிரிக்கவில்லை. துணித் துண்டைச் சுண்டுவிரலால் நீவிவிட்டாள். "மற்ற நிறமெல்லாம் நான் அவருக்குத் திருத்தினன் புள்ள. இந்த ஒண்டை மட்டும் திருத்தல்ல."

பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"மற்றப் பெட்டிகளில இருந்த துண்டெல்லாம் எங்க?"

விஜிதரன் கண்ணைத் திறக்கவில்லை. யசோதினிதான் சொன்னாள். "கேற்றடியில. உரப்பைக்குள்ள."

அந்த நேரம் பார்த்து வெளியே வேன் வந்து நின்றது.

வளாகத்திலிருந்து பெட்டிகளை ஏற்றிப் போக வந்த கலாநிதி சிவதர்ஷன் நல்ல மனிதர். பகல் மூன்று மணி வெயிலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு உள்ளே வருகிற மனிதரை வேறு என்ன சொல்வது? அவருக்கு ஒரேயொரு குறை. ஒலிவாங்கி இல்லாத இடத்திலும் அது இருப்பதாக நினைத்தே பேசுவார்.

"அம்மா, வணக்கம். இன்று இந்த மண்ணுக்கு ஒரு பெருநாள்." மட்டையைக் கண்டதும் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். "மூலம்! மூலப் பிரதி! நாங்கள் பார்த்ததெல்லாம் அச்சு. நான் என் ஆய்வில் எழுதினேன், இந்தப் பச்சை வெறும் பச்சை அல்ல. இது கண்டற்காட்டின் பச்சை. வயலின் பச்சை. இழப்பின் பச்சை. ஒரு சமூகம் தன்னுடைய ஆழ்மனதை எந்த நிறத்தில் உடுத்திக்கொள்கிறது என்பதற்கு..."

உடுத்திக்கொள்கிறது என்ற இடத்தில் யசோதினிக்கு இருமல் வந்தது.

தெருவில் டிரக்டரின் ஹோர்ன் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குறுக்கம்.

கேதீஸ்வரி எழும்பினாள். கலாநிதியின் வாக்கியம் முடியும் வரை காத்திருந்தால் டிரக்டர் மாவடிவேம்பு தாண்டிவிடும். அவரைச் சுற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு, கேற்றடிக்கு நடந்தாள். நடை ஓட்டமாக மாறியது. அவள் ஓடி யசோதினி பார்த்ததில்லை.

உரப்பை ஏற்கனவே டிரக்டர் பெட்டிக்கு மேலே போயிருந்தது.

"மனே, அந்தப் பையை இறக்கு!"

மேலே நின்றவன் கையுறையோடு குனிந்து பார்த்தான். பிரதேச சபை அவனுக்குப் படிப்பித்திருந்த கேள்வியைக் கேட்டான். "என்ன பெரியம்மா, உக்கிற குப்பையும் உக்காததும் கலந்து கட்டிற்றீங்களா?"

"உக்காததுதான் மனே. நாப்பது வருஷமா உக்கல்ல. கீழ போடு."

அவன் போட்டான். பையை அவள் தூக்கவில்லை. விஜிதரன் ஓடி வந்து தூக்கினார். தன் கையால் கட்டிய முடிச்சைத் தானே அவிழ்க்க அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. பேரவைச் செயலாளர்களின் முடிச்சு.

மேசையில் கொட்டினார்கள். மஞ்சள், ஊதா, கத்தரிப்பூ நிறம், குழந்தைச் சட்டையின் கை, குடைச் சீலை, விபூதிப் பை, சவுக்காரத் தாள், பாதி உடைந்த வெற்றிலை. கலாநிதி சிவதர்ஷன் வாயைத் திறந்தார். கேதீஸ்வரி ஒரு மஞ்சள் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்ததும் வாயை மூடினார்.

"இது சித்தாண்டிக் கோயில் திருவிழா நோட்டீஸ். மூண்டாம் பெட்டியில இரிக்கும். எடு புள்ள."

யசோதினி எடுத்தாள். மட்டையின் ஓரத்தில் இரண்டு துருப்பிடித்த ஊசித் துளை. துணியிலும் இரண்டு. ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள். பொருந்தியது.

"இது தயிர்ச்சட்டி லேபல். இந்தச் சிவப்புக்கு அவர் சண்டை பிடிச்சார். 'பச்சையா இரிக்கு, மாட்டுக்குப் புல்லு தின்னக் குடுக்கிறியா' எண்டார். இது யசோட முதல் சட்டை. பாலர் பள்ளிப் புத்தகத்துக்கு வெட்டினது."

"என்ட சட்டையையா அம்மா?"

"நீ அதுக்குள்ள வளர்ந்திட்டாய்."

ஒவ்வொன்றாக எடுத்தாள். எந்தத் துண்டு எந்தப் படம் என்று அவளுக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. உரப்பை போயிருந்தால் இந்த உலகத்தில் வேறு ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. விஜிதரன் குண்டூசிகளைப் பொறுக்கி ஒரு தேத்தண்ணிப் பீங்கானுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றையும் எறியவில்லை.

முப்பதாவது துண்டில் சிவதர்ஷன் மெதுவாக, ஒலிவாங்கி இல்லாத மனிதனின் குரலில் கேட்டார்.

"அம்மா, நிறங்களைத் தெரிவு செய்தது நீங்களா?"

விஜிதரனின் கை பீங்கானுக்கு மேலே நின்றது. கேதீஸ்வரி மகனைப் பார்த்தாள். பிறகு கலாநிதியை.

"அவருக்குக் கோட்டுக்கே நேரம் பத்தாது மனே. கோடு அவர். நிறம் நான். சோறு கறி மாதிரித்தான், ஆர் ஆக்கினது எண்டு ஆர் கேட்டது?"

"எங்கேயும் பதிவில்லையே அம்மா."

"பதிவு இதுதான்" என்றாள், குப்பையைக் காட்டி. "இப்ப எழுதுங்க. கோடு நல்லரத்தினம், நிறம் கேதீஸ்வரி. எல்லாத்துக்கும்."

சிவதர்ஷன் பதிவுப் படிவத்தை எடுத்தார். ஆக்கியோர் என்ற கட்டத்தில் ஏற்கனவே ஒரு பெயர் அச்சிடப்பட்டிருந்தது. இன்னொன்றுக்கு இடமில்லை. ஓரத்தில் எழுதினார். பென்சிலில் அல்ல, பேனையில். நாற்பது துண்டு முடிந்தது. இன்னும் நூற்றைம்பதுக்கு மேல் இருந்தன. பை அப்படியே வளாகத்துக்குப் போவதென்றும், கேதீஸ்வரி வாரத்தில் இரண்டு நாள் வந்து சொல்லச் சொல்ல அவரே எழுதுவதென்றும் முடிவாயிற்று. விஜிதரன் தன் மலரை ஒருமுறைகூடக் குறிப்பிடவில்லை. இந்த அத்தியாயத்தில் அவர் செய்த பெரிய காரியம் அதுதான்.

அம்மாவிடம் குனிந்து, "அப்பாட கண்ணைப் பத்திச் சொல்லல்லயே. தாங்ஸ் அம்மா" என்றார்.

"அது அவர்ட விசயம். இது என்ட விசயம்."

எல்லாம் சுபமாக முடிந்திருக்கும், கலாநிதி கடைசியாகப் பதினேழாவது பெட்டியை மூடப்போகுமுன் நீலப் பென்சில் எழுத்தைக் கண்டிராவிட்டால்.

"இது ஐயாவின் கையெழுத்தல்லவா? எனக்கு வாசிக்க முடியவில்லை. தங்கச்சி, நீங்கள்தானே வாசிப்பீர்கள்?"

யசோதினி மட்டையை வாங்கினாள். விஜிதரன் தொண்டையைக் கனைத்தார். 'தண்ணி: இலைப் பச்சை' என்று வாசித்தால் போதும். ஒருவருக்கும் தெரியாது. அவள் ஒரு டொக்டரின் எழுத்தையும் தன் பாட்டுக்கு மாற்றி வாசித்ததில்லை. ஒரு எழுத்து மாறினால் ஒரு ஆள் போய்விடுவார். இருந்தாலும் அம்மாவைப் பார்த்தாள்.

"உள்ளதை வாசி புள்ள" என்றாள் கேதீஸ்வரி.

"தண்ணி, கேதியின் கூறைச்சேலைப் பச்சை."

சிவதர்ஷனின் கண் கலங்கிவிட்டது. கண்டலும் வயலும் இழப்பும் ஒரு நொடியில் அவரை விட்டுப் போயின. "அம்மா! உங்கள் கலியாணச் சேலையா? இந்தப் பச்சை அதுவா? அந்தச் சேலை இன்னும் இருக்கிறதா?"

"இரிக்கு."

"நாளைக்கு அதைப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமா? எல்லோரும் பார்க்கட்டும்."

விஜிதரன் எழும்பினார். "அது... அது பூச்சி அரிச்சு..."

"பூச்சி அரிக்கல்ல" என்றாள் கேதீஸ்வரி. "ஆனா பெட்டிக்குள்ள வேணாம். நான் உடுத்திக்கொண்டு வாறன்."

  கலாநிதி கும்பிட்டுவிட்டு, பெட்டிகளோடும் பையோடும் வேனில் ஏறினார். கேற்றைத் தாண்டுமுன்பே போனில் யாருக்கோ, "நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேருங்கள், பச்சைக் கூறையில் திருமதி நல்லரத்தினம்..." என்று சொல்வது கேட்டது.

"அம்மா!" விஜிதரன் தலையில் கை வைத்தார். "சேலை சிவப்பு! அத்தனை சனத்துக்கு முன்னால, அந்தப் பச்சைச் சுவருக்குப் பக்கத்தில! எல்லாருக்கும் விளங்கிப்போகும். அதோட, அப்பா போய்ப் பதினொரு வருஷம். நீங்க கூறையை உடுத்தி மேடையில ஏறினா ஊர் என்ன கதைக்கும்?"

"எதைக் கதைக்கிறது எண்டு ஊருக்குக் குழப்பமா இரிக்கும். அது நல்லதுதானே."

"வாக்குக் குடுத்தது?"

"சொல்ல மாட்டன் எண்டுதான் வாக்குக் குடுத்தன் மனே. உடுத்த மாட்டன் எண்டு குடுக்கல்ல."

அவள் உள்ளே போனாள். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் முற்றத்துக் கொடியில் பன்னிரண்டு முழமும் விரித்துக் கூறை தொங்கியது. வெயில் காட்ட. தெருவால் போகிற எவருக்கும் தெரியும்.

விஜிதரன் அந்த ஒரு வரியை நிறுத்தக் கலாநிதிக்குக் கோல் எடுத்துக்கொண்டே இருந்தார். கலாநிதியின் லைன் பிஸியாகவே இருந்தது. நல்ல செய்தியை அவர் ஒருவருக்கு மட்டும் சொல்கிறவர் அல்ல.

யசோதினி கொடியடியில் நின்றாள். மணவறைப் புகைக்குள்ளால் ஒரு இளைஞன் பார்த்திருக்கக்கூடிய விதமாக, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வாவிப் பக்கத்துக் காற்றுக்குச் சேலை ஒருமுறை ஊதி எழும்பி அடங்கியது.

எப்படிப் பார்த்தாலும் அது சிவப்பாகவே இருந்தது.